பெயர் பெறும் முன்பே விலை போன மீன்: பவளப்பாறைச் சிறுமீன்களும் பழவேற்காட்டுக் கரையும்

பழவேற்காட்டில் விடியற்காலையில் படகுகள் கரை சேர்ந்ததும் பிரிப்பு வேலை தொடங்கிவிடும். கொடுவா ஒரு கூடை, மடவை ஒரு கூடை, நண்டு தனியாக, இறால் நேராக ஐஸ் பெட்டிக்கு. விலை போகும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. எல்லாவற்றையும் பிரித்த பிறகு, விரல் நீளம்கூட இல்லாத பொடி மீன்கள் வலையில் மிஞ்சும். சில கருவாட்டுக்குப் போகும். மற்றவை ‘கழிவு’ என்ற ஒரே பெயரில் ஒரு குவியலாகிவிடும். ராமேஸ்வரம் பக்கம் இதையே ‘சங்காயம்’ என்பார்கள். கோழித் தீவனத்துக்கும் மீன் தூளுக்கும் போகும் குவியல் அது.

அந்தக் குவியலில் எத்தனை இனங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் அண்மை ஆண்டுகளில் உலகின் மீன் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தவற்றில் பல, இப்படிக் கண்ணில் படாமலோ, பட்டும் வேறொன்றாக நினைக்கப்பட்டோ இருந்தவைதான். அவற்றில் மூன்றை இக்கட்டுரையில் பார்ப்போம். ஒன்று மாலத்தீவின் ஆழமான பவளப்பாறையில் வாழ்வது. இன்னொன்று சவூதி அரேபியாவின் செங்கடலில் வாழ்வது. மூன்றாவது நம் கடலூர் மாவட்டக் கரையில் கிடைத்தது. இவை மூன்றும் நமக்குச் சொல்லும் செய்தி ஒன்றே: பெயர் இல்லாத உயிரை யாரும் எண்ணுவதில்லை, எண்ணப்படாததைக் காப்பாற்றவும் முடிவதில்லை.

மாலத்தீவின் ரோஜா மீன்

2022 மார்ச் மாதம் ‘ஸூகீஸ்’ என்ற விலங்கியல் ஆய்விதழில் ஒரு புதிய மீன் அறிவிக்கப்பட்டது. அதன் அறிவியல் பெயர் ‘சிர்ரிலாப்ரஸ் ஃபினிஃபென்மா’. ‘ஃபினிஃபென்மா’ என்பது மாலத்தீவு மக்களின் திவேஹி மொழியில் ரோஜாவைக் குறிக்கும் சொல். இளஞ்சிவப்பு ரோஜா மாலத்தீவின் தேசிய மலர். மீனின் உடலிலும் அந்த நிறம்தான் மேலோங்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் இதை ‘ரோஸ் வெய்ல்ட் ஃபேரி ராஸ்’ என்கிறார்கள். ‘ராஸ்’ என்பது பவளப்பாறைகளில் வாழும் ஒரு பெரிய மீன் குடும்பம். அதில் ‘ஃபேரி ராஸ்’ வகைகள் சிறியவை, நிறம் மிகுந்தவை. இவற்றில் பெண் மீனே வளர்ந்து பின்னர் ஆணாக மாறும் வழக்கமும் உண்டு. ஆணின் நிறம் பெண்ணின் நிறத்திலிருந்து பெரிதும் வேறுபடும். குஞ்சின் தோற்றமோ இரண்டிலிருந்தும் வேறு.

இந்த நிற மாற்றம்தான் பல ஆண்டுகள் ஆய்வாளர்களைக் குழப்பியது. ரோஜா மீனை 1990-களிலேயே மாலத்தீவில் சேகரித்திருந்தார்கள். ஆனால் ஏற்கெனவே பெயரிடப்பட்டிருந்த ‘சிர்ரிலாப்ரஸ் ருப்ரிஸ்குவாமிஸ்’ என்ற இனத்தின் வளர்ந்த வடிவம் என்றே அதை நினைத்துவிட்டார்கள். அந்தப் பழைய இனமோ, மாலத்தீவுக்குத் தெற்கே சுமார் 1,000 கி.மீ. தொலைவிலுள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தில் பிடிபட்ட ஒரே ஒரு குஞ்சு மீனை வைத்து விவரிக்கப்பட்டது. ஒரு குஞ்சைப் பார்த்துவிட்டு அதன் தாய் தந்தை எப்படி இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

பின்னர் வந்த ஆய்வுக் குழு, குஞ்சுகளையும் வளர்ந்த மீன்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டது. ஆண் மீனின் நிறம், முதுகுத் துடுப்பின் முள்கள் ஒவ்வொன்றின் உயரம், உடலின் பல பகுதிகளில் உள்ள செதில்களின் எண்ணிக்கை ஆகியவற்றை அளந்தார்கள். மரபணுவையும் சோதித்தார்கள். ஒன்று என்று நினைத்திருந்தது இரண்டு இனங்கள் என்பது தெளிவானது. ரோஜா மீன் வாழ்வது பெரும்பாலும் 40 முதல் 70 மீட்டர் ஆழத்தில். சூரிய ஒளி மங்கலாகவே எட்டும் அந்த ஆழத்துக்குச் சாதாரண முக்குளிப்பில் போய்வர முடியாது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்திகள் இரண்டு.

முதலாவது, இந்த மீனை விவரித்தவர்களில் மாலத்தீவு கடல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அஹ்மத் நஜீப் ஒருவர். சிட்னி பல்கலைக்கழகத்தின் யி-காய் டீ, கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தின் லூயிஸ் ரோஷா ஆகியோருடன் அவர் பெயரும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. மாலத்தீவின் கடலில் கிடைத்த மீன் இனங்கள் பல நூறு. அவற்றில் ஏறத்தாழ எல்லாவற்றையும் விவரித்தவர்கள் வெளிநாட்டவர்களே. தங்கள் நாட்டு மீனை மாலத்தீவு ஆய்வாளர் ஒருவர் விவரித்தது இதுவே முதல் முறை. தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பி வாழ்ந்த ஒரு முஸ்லிம் நாடு, தன் மீனுக்குத் தன் மொழியில் தானே பெயர் வைத்தது.

இரண்டாவது செய்தி கசப்பானது. பெயர் கிடைப்பதற்கு முன்பே இந்த மீன் வீட்டுத் தொட்டிகளுக்கான அலங்கார மீன் வியாபாரத்தில் விற்கப்பட்டுக்கொண்டிருந்தது. இனம் இப்போதைக்கு ஏராளமாக இருக்கிறது, அழியும் நிலையில் இல்லை என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். ஆனாலும் அறிவியல் பெயர்கூட இல்லாத ஒரு மீன் ஏற்கெனவே சந்தையில் இருந்தது அவர்களைக் கவலைப்பட வைத்தது. அந்தக் கவலை நியாயமானது. சாகோஸிலிருந்து மாலத்தீவு வரை பரவியிருக்கும் ஓர் இனம் என்று கணக்கிட்டுப் பிடிப்பது ஒன்று. உண்மையில் அது இரண்டு இனங்கள், ஒவ்வொன்றும் தன் சிறிய பரப்புக்குள் மட்டுமே வாழ்கிறது என்று தெரிந்த பிறகு பிடிப்பது வேறு. தவறான பெயரோடு இருக்கும்போது, ஒன்று குறைந்தாலும் மற்றதன் எண்ணிக்கை அந்தக் குறையை மறைத்துவிடும்.

செங்கடலின் கோபக்கார மீன்

நம் ஏரியில் சேற்றோடு சேறாகக் கிடக்கும் உளுவையைப் பழவேற்காட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த உளுவைக் கூட்டத்தின் உறவுக்காரர்கள் பவளப்பாறைகளிலும் இருக்கிறார்கள். அளவில் மட்டும் மிகமிகச் சிறியவர்கள்.

அவற்றில் ஒன்று 2024-ல் விவரிக்கப்பட்ட ‘சூவியோட்டா ஏத்தான்’. சவூதி அரேபியாவில் துவல் என்ற ஊரில் இருக்கும் மன்னர் அப்துல்லாஹ் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து இதை அறிவித்தார்கள். நீளம் 2 செ.மீ.க்கும் குறைவு. உடல் செக்கச்சிவப்பு. பாறையின் மேல் படர்ந்திருக்கும் சிவப்புப் பாசியோடு நிறம் கலந்துவிடுவதால் எளிதில் தெரியாது. சிறு பொந்துகளில் ஒளிந்திருந்து, அளவுக்கு மீறிய பெரிய பற்களால் இன்னும் சிறிய உயிர்களைப் பிடித்துத் தின்னும். மேல்நோக்கி வளைந்த வாயும் பற்களும் சேர்ந்து எப்போதும் கோபமாக இருப்பதுபோல் முகத்தைக் காட்டுவதால், ஆங்கிலத்தில் ‘க்ரம்பி’, அதாவது சிடுமூஞ்சி, என்ற செல்லப்பெயரும் வந்துவிட்டது.

இங்கேயும் பழைய குழப்பம் ஒன்று உண்டு. இந்த மீனை முதலில் பார்த்தபோது, 1972-ல் அகபா வளைகுடாவில் கிடைத்த ஒரே மாதிரியை வைத்துப் பெயரிடப்பட்டிருந்த ‘சூவியோட்டா பைரியோஸ்’ என்ற இனம்தான் மீண்டும் கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். நுணுக்கமாக ஒப்பிட்ட பிறகே இது வேறு என்று தெரிந்தது. செங்கடல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட கடலல்ல. ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கப்பல்கள் போய்வந்த வழி. ஹஜ் பயணிகள் கடந்து சென்ற நீர். அத்தனை பேர் கண் முன்னே இருந்தும், 2 செ.மீ. மீன் ஒன்று 2024 வரை பெயரில்லாமல் இருந்திருக்கிறது.

சின்ன மீனில் என்ன இருக்கிறது?

‘இத்தனை சிறிய மீனுக்குப் பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?’ என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை பவளப்பாறையின் சமையலறையில் இருக்கிறது.

முதலில் பவளப்பாறை என்றால் என்னவென்று சுருக்கமாகப் பார்ப்போம். பெயரில் பாறை இருந்தாலும் அது உயிருள்ளவற்றின் கட்டுமானம். குண்டூசித் தலை அளவிலான மென்மையான உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்பைச் சுரந்து, தங்களுக்குக் கூடு கட்டிக்கொள்கின்றன. அவை இறந்தபின் அந்தக் கூட்டின் மேல் அடுத்தவை கட்டுகின்றன. ராமநாதபுரம் கரையில் இதை ‘முருகைக்கல்’ என்பார்கள். நகைக்கடையில் வாங்கும் செம்பவளம் வேறு வகை. அது ஆழ்கடலில் வளர்வது, பாறை கட்டாது. திருக்குர்ஆன் இரு கடல்களிலிருந்தும் வெளிப்படும் அருட்கொடைகளாக முத்தையும் பவளத்தையும் குறிப்பிடுவதை (55:22) நாம் அறிவோம். அழகுக்காக மட்டும் அறிந்திருந்த பவளத்தின் இனத்தில்தான், கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு இல்லமாக இருக்கும் பாறை கட்டும் வகைகளும் அடங்கியிருக்கின்றன. கடல் தரையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தில் இத்தனை உயிர்கள்!

இத்தனை உயிர்களுக்கும் உணவு எங்கிருந்து வருகிறது? பவளப்பாறையைச் சுற்றியுள்ள தெளிந்த நீரில் சத்துகள் குறைவு. இந்தப் புதிருக்கு 2019-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு ஒரு விடை சொன்னது. பொந்துகளில் மறைந்து வாழும் மிகச்சிறிய மீன்கள்தான், பாறையில் தின்னப்படும் மீன் உணவில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தருகின்றன என்பது அதன் முடிவு. இவற்றின் ஆயுள் சில வாரங்கள் அல்லது மாதங்கள்தான். பிறந்த வேகத்தில் வளர்ந்து, முட்டையிட்டு, இரையாகிப் போகின்றன. அவற்றின் குஞ்சுகள் ஆழ்கடலுக்கு அடித்துச் செல்லப்படாமல் பாறையை ஒட்டியே தங்கி, காலியான இடத்தை உடனே நிரப்புகின்றன. நாம் சந்தையில் வாங்கும் பெரிய பாறை மீன்களான கலவாவும் சங்கராவும் வளர்வதற்குக் கீழே இருப்பது இந்தப் பொடிகளின் கணக்கு.

லட்சத்தீவின் மினிக்காய் மீனவர்கள் இதை ஆய்விதழ் படித்து அறிந்துகொள்ளவில்லை. சூரை பிடிக்கப் போகும் முன், பவளப்பாறையை ஒட்டிய நீரில் சின்னஞ்சிறு மீன்களை உயிரோடு பிடித்துக்கொள்வார்கள். கடலில் சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அவற்றை வீசி, கூட்டத்தைப் படகருகே வரவழைத்து, கழியும் தூண்டிலுமாக ஒவ்வொன்றாகத் தூக்குவார்கள். பாறையில் பொடி மீன் இல்லையென்றால் தீவில் சூரையும் இல்லை, மாசியும் இல்லை.

ஒரு மீன் எப்படிப் ‘புதிய இனம்’ ஆகிறது?

புதிய மீன் என்றால் நேற்றுப் படைக்கப்பட்டது என்று பொருளல்ல. இறைவன் படைத்து நெடுங்காலம் ஆகியிருக்கும். மனிதனின் ஏட்டில் இப்போதுதான் பதிவாகிறது, அவ்வளவுதான். அந்தப் பதிவுக்கு முறையான வழி இருக்கிறது.

முதலில் மீனின் மாதிரிகளைச் சேகரிக்க வேண்டும். துடுப்பு முள்கள், செதில் வரிசைகள், பற்கள், முதுகெலும்புக் கணுக்கள் ஆகியவற்றை எண்ணி, உடலின் பகுதிகளை அளக்க வேண்டும். ஏற்கெனவே பெயருள்ள நெருங்கிய இனங்கள் எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும். இப்போது மரபணு ஒப்பீடும் சேர்ந்துகொண்டது. வேறுபாடு உறுதியானால், ஒரு மாதிரியைத் ‘தலைமை மாதிரி’யாகத் தேர்ந்தெடுத்து அருங்காட்சியகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ நிரந்தரமாகப் பாதுகாக்க வேண்டும். நாளை யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த மாதிரிதான் சாட்சி. கடைசியாக, இரு சொற்களில் ஒரு பெயர் சூட்டி, விவரத்தை அச்சிலோ இணையத்திலோ முறைப்படி வெளியிட வேண்டும். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758-ல் வெளியிட்ட நூலிலிருந்து விலங்குகளுக்கு இந்த இரு சொல் முறை கணக்கில் கொள்ளப்படுகிறது. பெயர் எந்த மொழியிலிருந்தும் வரலாம். திவேஹியிலிருந்து வந்ததுபோல் தமிழிலிருந்தும் வரலாம்.

முடசலோடையில் கிடைத்த ‘தமிழ்நாடு’

அப்படித் தமிழகத்தின் பெயரைத் தாங்கிய மீன் ஒன்று 2023-ல் அறிவிக்கப்பட்டது. ‘ஜிம்னோதோராக்ஸ் தமிழ்நாடுவென்சிஸ்’ என்பது அதன் பெயர். பாம்பைப் போல் நீண்ட உடலுடன் பாறை இடுக்குகளில் வாழும் அஞ்சாளை வகையைச் சேர்ந்தது. முன்பு பார்த்த இரண்டையும் போல் விரலளவு மீனல்ல இது. ஆனாலும் கிடைத்த நான்கு மாதிரிகளில் பெரியதுகூட அரை மீட்டரை எட்டவில்லை.

இது எங்கே கிடைத்தது என்பதுதான் நமக்கு முக்கியம். ஆழ்கடல் ஆய்வுக் கப்பலில் அல்ல. கடலூர் மாவட்டத்தின் முடசலோடை மீன் இறங்குதளத்தில்தான் மாதிரிகள் சேகரிக்கப்பட்டன. லக்னோவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மீன் மரபு வளப் பணியகத்தின் ஆய்வாளர்கள் அவற்றை அளந்து ஒப்பிட்டார்கள். தலையில் வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகள், உடலின் நடுப்பக்கவாட்டில் ஒற்றை வரிசைப் புள்ளிகள் என்று மற்ற அஞ்சாளைகளிலிருந்து அது மாறுபட்டிருந்தது. மரபணுவும் அதை உறுதிசெய்தது. மாலத்தீவு மீன் வெளியான அதே ‘ஸூகீஸ்’ இதழில் இதுவும் வெளியானது.

நாள்தோறும் நூற்றுக்கணக்கானவர்கள் நடமாடும் ஓர் இறங்குதளத்தில், உலகம் பெயர் வைக்காத மீன் கிடந்திருக்கிறது. பார்க்கத் தெரிந்தவர்கள் குனிந்து பார்த்ததால் அது பதிவானது. வங்கக்கடலின் அதே கரையில், வடக்கே போனால் வருவதுதான் நம் பழவேற்காடு.

பவளம் இல்லாத ஏரி, பெயர்கள் நிறைந்த ஊர்

பழவேற்காட்டு ஏரிக்குள் பவளப்பாறை கிடையாது. பவளத்துக்குத் தெளிந்த, உப்புக் குறையாத, வெதுவெதுப்பான கடல்நீர் வேண்டும். ஆரணி ஆறும் காலங்கி ஆறும் கொண்டுவரும் நன்னீரும் வண்டலும் கலக்கும் உவர்நீர் ஏரி இது. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கிறது. தமிழகத்தின் பவளப்பாறைகள் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் உள்ளன.

ஆனால் பவளப்பாறை செய்யும் வேலையில் பாதியை இந்த ஏரியும் செய்கிறது. கடலில் பிறக்கும் இறால், மடவை, கொடுவாக் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து, சேற்றிலும் நீர்த்தாவரங்களிலும் ஒளிந்து வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்புகின்றன. அதாவது இது குஞ்சுகளின் தொட்டில். அதனால்தான் முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோனால் ஊரே தவிக்கிறது. படகு போக வழியில்லை என்பது கண்ணுக்குத் தெரியும் கஷ்டம். குஞ்சு வர வழியில்லை என்பது கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்.

இந்த ஏரியில் மீன்பிடிப்பதற்குப் ‘பாடு’ என்றொரு பழைய ஒழுங்கு உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகத்தினர், இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துச் சீட்டுப்போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரே இடத்தை ஒருவரே வைத்துக்கொள்ள முடியாது. இந்த முறைக்கு வெளியே நிற்பவர்களின் குறைகள் தனி. ஆனால் ஏரியின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் இருப்பதால்தான் பங்கீடே சாத்தியமாகிறது. பெயர் என்பது இங்கே வெறும் அடையாளமல்ல, உரிமையின் ஆதாரம்.

பெயரின் வலிமையைப் பழவேற்காட்டுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அரபு நாட்டிலிருந்து கடல்வழியே வந்தவர்களின் வழித்தோன்றல்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்லும் முஸ்லிம் குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதும் இந்தத் துறைமுகத்தின் துணி வியாபாரத்துக்காகத்தான். அந்தத் துணி கடல் கடந்தது. இன்றும் மலேசியாவில் முஸ்லிம்கள் தொழுகைக்கும் வீட்டிலும் உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்குப் பெயர் ‘கைன் பெலிகாட்’. பெலிகாட் என்பது ஐரோப்பியர் வாயில் ‘புலிகாட்’ ஆன நம் பழவேற்காடுதான். தறிகள் நின்று காலமாகிவிட்டது. பெயர் மட்டும் நிற்கிறது.

மீனுக்கும் அதே நிலைமை தலைகீழாக வரக்கூடும். கிழங்கான், காரப்பொடி, உளுவை என்று பெரியவர்கள் வாயில் இருக்கும் பெயர்கள் பல. உளுவையிலேயே எத்தனை வகை, எந்த மாதத்தில் எது வரும், எது முகத்துவாரத்தோடு நிற்கும், எது ஏரியின் உள்ளே வரை போகும் என்ற விவரம் அவர்களிடம் இருக்கிறது. அடுத்த தலைமுறை ஆலைகளுக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விட்டது. பெயர் தெரிந்த கடைசி ஆள் போனபின், ஏரியில் ஒரு மீன் வராமல் போனாலும் ‘எது வரவில்லை?’ என்று சொல்ல ஆளிருக்காது.

அச்சம் எங்கிருந்து வருகிறது?

பவளப்பாறைக்கு வரும் பெரிய ஆபத்து வெப்பம். பவள உயிரின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறத்தையும் பெரும்பகுதி உணவையும் தருகிறது. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. சூடு நீடித்தால் இறந்துவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படி வெளுத்தது. உலக அளவில் நான்காவது பெரும் வெளுப்பு நடந்துவருவதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. பவளம் செத்தால் பொந்து மூடும். 2 செ.மீ. மீனுக்கு வேறு வீடு இல்லை.

மனிதக் கை செய்ததும் உண்டு. சுண்ணாம்புக்காக முருகைக்கல்லை வெட்டியெடுத்த காலம் ஒன்று இருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிப்போனதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். இந்தத் தீவுகள் 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் குற்றம்.

நிலத்திலும் கடலிலும் சீர்கேடு தோன்றுவது மனிதர்களின் கைகள் சம்பாதித்ததன் விளைவு என்று திருக்குர்ஆன் (30:41) எச்சரிப்பதை, பழவேற்காட்டுக் கரையில் நின்று படித்தால் அது பழைய செய்தியாகத் தோன்றாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதைப் பார்த்தோம். படகும் வலையும் கறுத்துப்போனதற்குக் கணக்கு எடுத்தார்கள். பெயரில்லாத பொடிகளுக்கு யார் கணக்கு எடுப்பது?

நாம் செய்யக்கூடியவை

முதல் மனிதர் ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் பொருள்களின் பெயர்களைக் கற்றுக்கொடுத்தான் (2:31). மனிதனுக்குக் கிடைத்த முதல் கல்வி அது. பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்றும் (6:38) நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பெயர் அறிவதும் அதன் வழியே பொறுப்பை உணர்வதும் நம் மார்க்கத்துக்கு அந்நியமானவை அல்ல. கடலோர ஊர்களில் நம்மால் முடிந்த சில காரியங்கள் இருக்கின்றன.

ஒன்று, பெயர்களைப் பதிவுசெய்வது. பள்ளி, மதரஸா மாணவர்கள் விடுமுறையில் ஊரின் மூத்த மீனவர்களிடம் உட்கார்ந்து, மீன்களின் நாட்டுப் பெயர், கிடைக்கும் மாதம், கிடைக்கும் இடம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதலாம். இதற்குப் பணம் தேவையில்லை. பட்டினவர் குப்பங்களிலும் இருளர் குடியிருப்புகளிலும் இருக்கும் அறிவையும் மரியாதையோடு கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுத வேண்டும்.

இரண்டு, பழக்கமில்லாத மீன் வலையில் வந்தால் தூக்கி எறியாமல் பார்ப்பது. பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, துடுப்புகள் தெரியும்படி இரண்டு மூன்று படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்துக்கொண்டால் அதுவே ஆய்வாளருக்குப் பெரிய உதவி. சென்னையிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையமும் இருக்கின்றன.

மூன்று, குஞ்சுகளை விட்டுவைப்பது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை இருப்பதே மீன்கள் பெருகத்தான். ஏரிக்குள்ளும் கண்ணி மிகச் சிறிய வலைகளைத் தவிர்ப்பது அடுத்த ஆண்டின் வருமானத்தைக் காப்பது. வீண்விரயம் நமக்குத் தடுக்கப்பட்டது என்பது உணவுத் தட்டுக்கு மட்டும் உரிய சட்டமல்ல, வலைக்கும் அதுதான்.

நான்கு, வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், அந்த மீன் பாறையிலிருந்து பிடிக்கப்பட்டதா, குஞ்சு பொரிப்பகத்தில் வளர்க்கப்பட்டதா என்று கேட்டு வாங்குவது. வளர்ப்பது முடியாத காரியமல்ல. லட்சத்தீவின் அகத்தித் தீவில், முன்பு நாம் சொன்ன மீன் மரபு வளப் பணியகம் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அலங்கார இறால்களையும் கோமாளி மீன்களையும் வளர்க்க வைத்திருக்கிறது. அந்த முஸ்லிம் சகோதரிகள் பாறையைத் தொடாமலே பாறை மீனால் வருமானம் பார்க்கிறார்கள். அங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறு இறால் இனத்துக்கு ‘பெரிக்ளிமெனெல்லா அகத்தீ’ என்று அந்தத் தீவின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. பனை ஓலைக் கைவினையில் பெயரெடுத்த நம் பழவேற்காட்டுச் சகோதரிகளுக்கும் இப்படியொரு பயிற்சி கிடைக்கச் சமுதாய அமைப்புகள் கேட்டுப் பார்க்கலாம்.

மாலத்தீவு ரோஜா மீனுக்கு அந்த மண்ணின் மைந்தர் ஒருவரின் கையால் பெயர் கிடைத்தது. நாளை பழவேற்காட்டுச் சேற்றிலோ முகத்துவாரத்துக்கு வெளியே உள்ள பாரிலோ பெயரில்லாத ஒரு பொடி கிடைத்தால், அதைக் கழிவுக் குவியலிலிருந்து பிரித்தெடுத்து ‘இது வேற மாதிரி இருக்கே’ என்று சொல்லப்போவது கரையில் நிற்கும் யாரோ ஒருவர்தான். அவர் நம் பிள்ளைகளில் ஒருவராக இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.